பதிவு செய்த கைரேகைத் தரவைத் திரும்ப அனுப்பி ஏமாற்றினால் கண்டுபிடிக்க முடியுமா?

திருகோணமலை உட்துறைமுக வீதியில் கடை வைத்திருக்கும் ஒருவரின் கேள்வி இது. சென்சரிலிருந்து கணினிக்குப் போகும் தரவை ஒருவன் இடையில் பிடித்து, நாளைக்கு அதையே அனுப்பினால் என்ன செய்வது?

கண்டுபிடிக்கலாம், அதுவும் வேடிக்கையான வழியில். ஒரே விரலை இரண்டு தடவை வைத்தாலும் அழுத்தம், கோணம், ஈரம் எல்லாம் மாறும். மீன் கழுவிய கையோடு வைத்துப் பாருங்கள், மெஷின் முரண்டு பிடிக்கும். ஆகவே நேற்று வந்ததோடு அச்சொட்டாக ஒத்த தரவு இன்றும் வந்தால், அது விரல் இல்லை, பிரதி.

சரி, கள்ளன் தரவைக் கொஞ்சம் மாற்றி அனுப்பினால்? அதனால் இதை மட்டும் நம்பக்கூடாது. ஒவ்வொரு தடவையும் சேர்வர், அதாவது தரவைச் சரிபார்க்கும் கணினி, புதிதாக ஒரு எழுமாற்று எண்ணை அனுப்ப வேண்டும். சென்சர் அதையும் கைரேகைத் தரவையும் சேர்த்து, தனக்குள் இருக்கும் இரகசியச் சாவியால் ஒப்பமிட்டுத் திருப்ப வேண்டும். பழைய பதிவில் பழைய எண்தானே இருக்கும், கதவு திறக்காது.

குரல் பூட்டு என்றால் கதை வேறு. அங்கே கள்ளன் பதிவு செய்த குரலை ஸ்பீக்கரில் போட்டுக் காட்டுவான்; ஆகவே ஸ்பீக்கர் வழியாக வந்த ஒலியில் படியும் தடயங்களைத் தேடுவார்கள். 2017இல் நடந்த ஏஎஸ்விஸ்பூஃப் ஆய்வுப் போட்டி முழுக்க இதைப் பற்றியதுதான்.