பாதியில் விட்டுவிடாதீர்கள்

டக்ளஸ் ஆடம்ஸின் விண்வெளி நகைச்சுவை நாவலான ‘ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு டு தி கேலக்ஸி’யைப் பாதி படித்துவிட்டு, “சிரிப்பு வருகிறது, கதைதான் நகரவில்லை, விட்டுவிடலாமா?” என்று கேட்டிருந்தீர்கள். விடாதீர்கள்.

நீங்கள் சொல்லும் குறை உண்மைதான். 1978இல் பிபிசி வானொலித் தொடராக வந்ததை 1979இல் நாவலாக்கினார். அதனால்தான் துண்டு துண்டாக இருக்கிறது. தொடரின் முதல் நான்கு பகுதிகள்தான் இந்த நூலில் உள்ளன. முடிவும் சட்டென்று அறுந்துவிடும். டிரில்லியன் என்ற பெண் பாத்திரத்துக்கு இன்னும் இடம் கொடுத்திருக்கலாம் என்ற வருத்தம் எனக்கும் உண்டு.

ஆனால் அந்தத் தொடக்கத்தை மறுபடி பாருங்கள். புறவழிச்சாலைக்காகக் கதாநாயகன் ஆர்தரின் வீட்டை இடிக்க புல்டோசர் வந்து நிற்கிறது. சற்று நேரத்தில், விண்வெளிப் பாதைக்காகப் பூமியையே இடிக்கிறார்கள். திட்ட வரைபடம் ஐம்பது ஆண்டுகளாக ஆல்ஃபா சென்டாரி என்ற வேறொரு நட்சத்திர மண்டலத்து அலுவலகத்தில் பார்வைக்கு இருந்ததாம்! அரசு அலுவலக வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நின்றவர்களுக்கு இது வெறும் வேடிக்கை இல்லை. இதற்குள் இருக்கும் கோபம் இரண்டாம் வாசிப்பில்தான் எனக்குப் புரிந்தது.

அத்தியாயங்கள் சிறியவை. கதையைத் துரத்தாமல் நாளுக்கு இரண்டாகப் படியுங்கள். வானொலித் தொடர் கிடைத்தால் அதையும் கேளுங்கள், எப்போதும் சோர்ந்தே இருக்கும் ரோபோ மார்வினின் சலிப்பைக் குரலில் கேட்பது தனிச் சுகம்.