மாலை போடட்டும், ஆனால் முதலில் ஆஸ்பத்திரி

கேள்வி: மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமம். என் வீட்டுக்காரருக்கு 46 வயது, டிராக்டர் ஓட்டுகிறார். முன்பெல்லாம் கல்யாணம், திருவிழா என்றால்தான் குடிப்பார். இப்போது மூன்று வருஷமாகத் தினமும் ராத்திரி ஒரு குவார்ட்டர். கொஞ்ச நாளாகக் காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறது, டீ டம்ளரைக்கூடப் பிடிக்க முடியவில்லை. ஒரு வாய் ஊற்றிக்கொண்டால் நின்றுவிடுகிறது. சாப்பாடும் குறைந்துவிட்டது. கேட்டால், "கடைச் சரக்குதானே, கள்ளச்சாராயமா குடிக்கிறேன்? ஒரு குவார்ட்டர் என்ன பண்ணிடும்?" என்கிறார். கார்த்திகை முதல் தேதி மாலை போட்டுவிட்டால் தானாக விட்டுவிடுவான் என்கிறார் மாமியார். நாத்தனார் ஒரு பொடி வாங்கி வைத்திருக்கிறார். அவருக்குத் தெரியாமல் குழம்பில் கலந்து கொடுக்க வேண்டுமாம். எதைச் செய்வது?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரி, பொடியைக் கலக்காதீர்கள். அவர் மாலை போடட்டும், ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த பிறகு போடட்டும். ஏன் இந்த வரிசை என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் வீட்டில் மற்றவர்களிடமும் இதை நீங்கள் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அந்தக் கை நடுக்கம்தான். காலையில் நடுங்குகிறது, ஒரு வாய் குடித்தால் நிற்கிறது என்றால், உடம்பு மதுவை நம்பி ஓடப் பழகிவிட்டது என்று அர்த்தம். இந்தக் கட்டத்தை அடைந்தவர் "இன்றோடு விட்டேன்" என்று திடீரென நிறுத்துவது ஆபத்து. நல்ல எண்ணத்தோடு நிறுத்தினாலும் ஆபத்துதான்.

மது மூளையை அமைதிப்படுத்துகிற பொருள். தினமும் அது வந்து அமுக்கிக்கொண்டே இருந்தால், ஈடுகொடுக்க மூளை தன் விறுவிறுப்பைக் கூட்டிக்கொண்டே போகும். அடைத்த மதகுக்குப் பின்னால் தண்ணீர் ஏறி நிற்பது போலத்தான். மதகை ஒரேயடியாகத் தூக்கிவிட்டால் என்ன ஆகும் என்று உங்கள் ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. கடைசியாகக் குடித்து ஆறேழு மணி நேரம் போனதும் நடுக்கம், வியர்வை, படபடப்பு வரும். இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் நாள், மூன்றாம் நாள் வாக்கில் சிலருக்கு மனம் குழம்பிப்போகும். சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார்கள், யாரோ கூப்பிடுகிறார்கள் என்பார்கள், பெற்ற பிள்ளையை அடையாளம் தெரியாது, காய்ச்சல் அடிக்கும், ராத்திரி முழுக்கத் தூக்கம் இருக்காது. இது உயிரைக் கொண்டுபோகக் கூடிய நிலை.

மாலை போட்ட மூன்றாம் நாள் இப்படி ஆனால், வீட்டில் சாமி குத்தம் என்பார்கள், காத்து கருப்பு என்பார்கள். விபூதி பூசி, மந்திரிக்க அழைத்துப்போய் இரண்டு நாளைக் கழித்துவிட்டு, நினைவு தப்பிய பிறகு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருகிறார்கள். ஊரில் எத்தனையோ பேர் கார்த்திகையில் நிறுத்துகிறார்களே, அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று மாமியார் கேட்கலாம். அவர்களில் பெரும்பாலானவர்கள் எப்போதாவது குடிப்பவர்கள். காலையில் கை நடுங்குகிறவர் கதை வேறு.

சரி, அந்த "ஒரு குவார்ட்டர்" கணக்குக்கு வருவோம். குவார்ட்டர் என்பது 180 மில்லி. பாட்டிலில் பாருங்கள், பிராந்தி, ரம் எல்லாம் பெரும்பாலும் 42.8 சதவீதம் என்றிருக்கும். கணக்குப் போட்டால் ஏறக்குறைய 60 கிராம் சுத்த ஆல்கஹால். ஒரே தடவையில் 60 கிராமும் அதற்கு மேலும் குடிப்பதைத்தான் உலக சுகாதார நிறுவனம் அதிகக் குடி என்று வகைப்படுத்தியிருக்கிறது. உங்கள் வீட்டுக்காரர் அந்த அளவைத் தினமும் தொடுகிறார். கல்லீரல் ஒரு மணி நேரத்தில் ஏழிலிருந்து பத்து கிராம் வரைதான் எரிக்கும். மோர், எலுமிச்சை, பச்சைத்தண்ணீர்க் குளியல் எதுவும் அந்த வேகத்தைக் கூட்டாது. ராத்திரி ஒன்பது மணிக்குக் குடித்தது விடியற்காலை நாலைந்து மணி வரை ரத்தத்தில் இருக்கும். விடிவதற்கு முன்பே உழவுக்குக் கிளம்புகிறவர் என்றால், பாதி நாட்கள் அந்த மிச்சத்தோடுதான் டிராக்டரில் ஏறுகிறார். வாய்க்கால் கரையில் ரோட்டவேட்டரை மாட்டிக்கொண்டு போகிறவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

கடைச் சரக்கா, கள்ளச்சாராயமா என்ற கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். கள்ளச்சாராயத்தில் மெத்தனால் கலந்தால் கண் போகும், உயிர் போகும். அந்தப் பயம் கடைச் சரக்கில் குறைவு, உண்மைதான். ஆனால் எத்தனால், அதாவது சரக்கில் இருக்கிற ஆல்கஹால், எந்தப் பாட்டிலில் இருந்தாலும் எத்தனால்தான், காரைக்காலில் வாங்கினாலும் மன்னார்குடியில் வாங்கினாலும். அது கல்லீரலில் உடையும்போது முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சாக மாறுகிறது. வாய், தொண்டை, உணவுக்குழாய், கல்லீரல், பெருங்குடல் புற்றுநோய்களுக்கு இதில் பெரிய பங்கு உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1988லேயே மதுவைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது.

இப்போது அந்தப் பொடி. அதில் என்ன இருக்கிறது என்று விற்பவர் சொல்வதில்லை, பொட்டலத்திலும் எழுதியிருக்காது. குடியை விட வைக்க டாக்டர்கள் கொடுக்கும் டைசல்ஃபிரம் என்று ஒரு மாத்திரை உண்டு. அதைச் சாப்பிடுகிறவர் குடித்தால், நான் சொன்ன அசிட்டால்டிஹைடு மேற்கொண்டு உடையாமல் ரத்தத்தில் தேங்கிவிடும். முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும், ரத்த அழுத்தம் சரியும், இதயமே நின்றுபோகவும் கூடும். டாக்டர் இதைக் கொடுக்கும்போது கல்லீரலையும் இதயத்தையும் சோதித்து, நோயாளிக்கு விளக்கிச் சொல்லி, அவர் சம்மதித்த பிறகு, குடித்து குறைந்தது 12 மணி நேரமாவது ஆனபின்தான் தொடங்குவார். அப்படிப்பட்ட ஒன்று அந்தப் பொட்டலத்தில் இருந்து, அது தெரியாமல் உங்கள் வீட்டுக்காரர் வழக்கம் போல ஒரு குவார்ட்டர் குடித்தால்? அதில் ஒன்றுமே இல்லை என்றாலும், தன் சோற்றில் நீங்கள் எதையோ கலந்தீர்கள் என்று ஒரு நாள் அவருக்குத் தெரியவரும். அதன் பிறகு நீங்கள் போடும் சோற்றையும் நம்ப மாட்டார், கூப்பிடும் டாக்டரிடமும் வரமாட்டார். நாத்தனார் அண்ணன் மேல் இருக்கிற பாசத்தில்தான் வாங்கி வந்திருப்பார். அதையும் சொல்லி, பொடியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சாப்பாடு குறைந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, எனக்கு இதில் தனிக் கவலை. பி1 வைட்டமின், அதாவது தயமின், உடம்பில் சில வாரங்களுக்குத்தான் இருப்பு இருக்கும். தீட்டிய வெள்ளை அரிசியில் அது குறைவு. குடிப்பவர் சோற்றையும் குறைத்துவிடுகிறார், சாப்பிட்டதில் இருக்கிற தயமினையும் மது உடம்பில் சேரவிடாது. அது தீர்ந்தால் நடை தள்ளாடும், கண் விழி ஒழுங்காக அசையாது, பேச்சு குழறும். போதை இறங்கவில்லை என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். தாமதமானால் ஞாபகசக்தி திரும்ப வராமலே போகலாம். குடிக்காத நேரத்திலும் இப்படித் தெரிந்தால் அன்றைக்கே கிளம்புங்கள். உடம்பு வலிக்கு மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு மேலே குடிக்கும் பழக்கமும் இருந்தால், வயிற்றுக்குள் ரத்தம் கசியும். மலம் தார் போலக் கறுத்துப் போவது அதற்கு அடையாளம். கண் மஞ்சள், கால் வீக்கம், வயிறு உப்பல் எதுவும் நீங்கள் எழுதவில்லை. நல்லது. கல்லீரலில் கொழுப்பு படிந்திருக்கிற கட்டம் என்றால், குடியை நிறுத்திய சில வாரங்களிலேயே அது பெரும்பாலும் வடிந்துவிடும். கல்லீரல் சுருங்கிவிட்ட பிறகு கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துப் பயனில்லை.

என்ன செய்வது? தாளடி உழவு முடிந்தால் தை அறுவடை வரை டிராக்டருக்கு வேலை குறைவுதானே, அந்த இடைவெளியைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். திருவாரூர், தஞ்சாவூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. மனநலம் என்ற பெயரைக் கேட்டு அவர் முகம் சுளிக்கலாம். கை நடுக்கத்துக்கு வைத்தியம் பார்க்கப் போகிறோம் என்றே சொல்லுங்கள், அது பொய்யும் இல்லை. ஒரு வாரம், பத்து நாள் படுக்கையில் வைத்து, மூளையை அமைதிப்படுத்தும் மாத்திரையைக் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள், தயமின் ஊசி போடுவார்கள். அப்புறம் குடிக்கும் ஏக்கத்தைக் குறைக்க மாத்திரை உண்டு. ஓ.பி.யில் எதையும் மறைக்க வேண்டாம்: எவ்வளவு குடிக்கிறார், கடைசியாகக் குடித்தது எப்போது, முன்பு வலிப்பு வந்திருக்கிறதா, சர்க்கரைக்கோ வேறெதற்கோ மாத்திரை சாப்பிடுகிறாரா, எல்லாவற்றையும் சொல்லுங்கள்.

பேச்சைக் காலையில் எடுங்கள், குடித்திருக்கும்போது வேண்டாம். நீங்கள் தனியாகப் பேசுவது கஷ்டமாக இருந்தால் 14416க்குப் போன் செய்யுங்கள். டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழில் பேசலாம், ராத்திரியிலும் எடுப்பார்கள். ஆஸ்பத்திரியில் சேரும் நாள் வரை "இன்றே நிறுத்து" என்று பாட்டிலைப் பிடுங்கிச் சண்டை போடாதீர்கள். இதை எழுதும்போது எனக்கே கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் வீட்டில் வைத்துத் திடீரென நிறுத்துவதைவிட இது பாதுகாப்பு. நடுவில் வலிப்பு வந்தால் சாவிக்கொத்தைக் கையில் திணிக்க வேண்டாம், வாயில் எதையும் வைக்க வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு 108ஐ அழையுங்கள். அடிக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. அடித்தால் 181.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு தாராளமாக மாலை போடட்டும். கார்த்திகை முதல் தேதி தவறிப்போனாலும் பரவாயில்லை, பத்து நாள் கழித்துப் போடட்டும். கடைப்பக்கம் கூப்பிடாத நாலு சாமிகள் கூட இருப்பது, காலையும் மாலையும் போக ஓர் இடம் இருப்பது, குடியை விட்டவருக்குப் பெரிய துணை. டாக்டர் கொடுத்த மாத்திரையை மட்டும் விரதத்தின் பெயரால் நிறுத்திவிடக் கூடாது. மாலையைக் கழற்றுகிற நாளில்தான் பழைய கூட்டாளிகள் வந்து நிற்பார்கள், அந்த வாரத்திலேயே அடுத்த செக்கப்பை வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு நாள் சறுக்கிவிட்டால் வீட்டுக்குள் மூடி மறைக்காமல் அதே டாக்டரிடம் அழைத்துப் போங்கள், மாத்திரையை மாற்றிப் பார்ப்பார்.