நீக்கினாலும் சம்பளம், விலகினாலும் அபராதம்: வாசகர் கேள்வி–பதில்

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்துப் பயிற்சியாளர்களின் சம்பளம் பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். அங்கே ஃபுட்பால் என்றால் நம்மூர்க் கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டம்.

கல்லூரி அணியின் பயிற்சியாளருக்கு ஆண்டுக்கு 1.3 கோடி டாலர் என்று படித்தேன். அச்சுப் பிழையா? மாணவர் கட்டும் ஃபீஸிலிருந்தா இவ்வளவும் போகிறது? – வாசகர், கோவை

அச்சுப் பிழை இல்லை. 2024-இல் ஜார்ஜியா பல்கலைக்கழகம் கிர்பி ஸ்மார்ட்டுக்குப் போட்ட ஒப்பந்தம் அது. 1982-இல் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் ஜாக்கி ஷெரிலுக்கு ஆண்டுக்கு 2.87 லட்சம் டாலர் கொடுத்தபோது நாடே வாயைப் பிளந்தது. 2007-இல் அலபாமா நிக் சேபனுக்கு 40 லட்சம் கொடுத்தபோதும் அப்படித்தான்.

பணம் வந்த வழி தொலைக்காட்சி. எத்தனை ஆட்டம் ஒளிபரப்பலாம் என்பதைக் கல்லூரி விளையாட்டுக்கான தேசிய அமைப்பான என்சிஏஏ தன் கையில் வைத்திருந்தது. அது சட்டவிரோதம் என்று 1984-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட, பெரிய பல்கலைக்கழகங்கள் தங்கள் ஆட்டங்களைத் தாங்களே விற்கத் தொடங்கின. ஆடுகிற மாணவனுக்குச் சம்பளம் கொடுக்கக் கூடாது என்ற விதி மட்டும் நீடித்தது. வந்த பணம் எங்காவது போயாக வேண்டுமே! பயிற்சியாளருக்கும் கட்டடத்துக்கும் போனது. நீதிமன்றம் ஒப்புதல் அளித்த ஒரு சமரசத்துக்குப் பிறகு, 2025–26 முதல்தான் ஒரு பல்கலைக்கழகம் தன் வீரர்களோடு நேரடியாகப் பணத்தைப் பகிர முடிகிறது. முதல் ஆண்டுக்கு எல்லோருக்குமாகச் சேர்த்து உச்சவரம்பு 2.05 கோடி டாலர்.

சம்பளத்துக்கு உச்சவரம்பு வைக்கலாமே என்று இன்னும் மூன்று பேர் எழுதியிருந்தார்கள். அதையும் முயன்று பார்த்தாயிற்று. ஒரு வகைத் துணைப் பயிற்சியாளர்களுக்கு ஆண்டுக்கு 16 ஆயிரம் டாலர்தான் என்று என்சிஏஏ விதித்த வரம்பு, போட்டியைக் கட்டுப்படுத்தும் கூட்டுச்சதி என்று 1998-இல் மேல்முறையீட்டில் அடிபட்டது. வழக்கைத் தீர்க்க என்சிஏஏ 5.45 கோடி டாலர் கொடுத்தது. அந்தச் சூட்டுக்குப் பிறகு பயிற்சியாளர் சம்பளத்தில் யாரும் கைவைப்பதில்லை.

ஃபீஸ் விஷயத்தில் உங்கள் சந்தேகம் தவறான இடத்தில் விழுந்திருக்கிறது. 1.3 கோடி கொடுக்கிற பல்கலைக்கழகத்துக்கு ஒளிபரப்பு உரிமை, டிக்கெட், கொடையாளர் என்று வரவு கொட்டுகிறது. மாணவர் ஃபீஸையும் கல்லூரியின் பொது நிதியையும் நம்பி விளையாட்டுத் துறையை ஓட்டுவது சிறிய பல்கலைக்கழகங்கள்தான். பயிற்சியாளருக்கு 7 லட்சம் கொடுக்கிற இடத்தில்தான் மாணவரின் பாக்கெட்டில் கை இருக்கிறது.

தோற்றுப்போனதற்காக வேலையை விட்டு அனுப்பிய ஆளுக்கே கோடிக்கணக்கில் கொடுக்கிறார்களாமே? ஒப்பந்தம் எழுதும்போது யாரும் படிப்பதில்லையா? – வாசகி, திருச்சி

படிக்கிறார்கள். ஆனால், வென்று வந்த மகிழ்ச்சியில் கையெழுத்துப் போடும்போது, தோற்கப்போகும் நாளைப் பற்றிய பக்கத்தை வேகமாகப் புரட்டிவிடுகிறார்கள்.

மொத்தச் சம்பளத்தை விட ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் மூன்று வரிகள் முக்கியம். முதலாவது, எவ்வளவு உத்தரவாதம். காரணமில்லாமல் நீக்கினால் மீதி ஆண்டுகளின் சம்பளத்தில் முழுதும் தரவேண்டுமா, 70 விழுக்காடா, பாதியா? தோல்வி என்பது சட்டப்படி ‘காரணம்’ ஆகாது. விதிமீறல், ஒழுங்கீனம் போன்றவைதான் காரணம். இரண்டாவது, நீக்கப்பட்டவர் வேறு வேலை தேடியாக வேண்டுமா, புதிய இடத்தில் வாங்குகிற சம்பளத்தைப் பழைய பாக்கியில் கழிக்கலாமா? மூன்றாவது, பணம் மொத்தமாகவா, தவணையிலா?

மூன்றும் பல்கலைக்கழகத்துக்கு எதிராக விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜிம்போ ஃபிஷர் உதாரணம். 2017 டிசம்பரில் டெக்சஸ் ஏ அண்ட் எம் அவருக்குக் கொடுத்தது 10 ஆண்டு, 7.5 கோடி டாலர், முழு உத்தரவாதம். 2021-இல் வேறு பல்கலைக்கழகம் கொத்திக்கொண்டு போய்விடுமோ என்ற பயத்தில் 2031 வரை நீட்டினார்கள். 2023 நவம்பரில் நீக்கியபோது பாக்கி 7.5 கோடிக்கும் மேல். அதில் 1.9 கோடிக்குச் சற்று அதிகமான தொகையை 60 நாளுக்குள் வைக்க வேண்டும். மிச்சம் 2031 வரை ஆண்டுத் தவணை. அவர் நாளையே வேறு வேலையில் சேர்ந்தாலும் ஒரு டாலர்கூடக் குறையாது.

இரண்டாவது வரி சரியாக இருந்தால்? பென் ஸ்டேட் பல்கலைக்கழகம் 2025 அக்டோபரில் ஜேம்ஸ் ஃபிராங்க்ளினை நீக்கியபோது கணக்குப்படி பாக்கி சுமார் 4.9 கோடி. அவர் அடுத்த மாதமே வர்ஜீனியா டெக்கில் சேர்ந்தார். புதிய சம்பளத்தைக் கழிக்கும் பிரிவு இருந்ததால் பேச்சுவார்த்தை 90 லட்சத்தில் முடிந்தது. அந்த ஒரு பிரிவின் விலை 4 கோடி டாலர்.

தேதியும் பேசும். நெப்ராஸ்கா 2022 செப்டம்பர் 11 அன்று ஸ்காட் ஃபிராஸ்டை நீக்கியது. அக்டோபர் 1 வரை பொறுத்திருந்தால் 1.5 கோடி டாலர் 75 லட்சமாகக் குறைந்திருக்கும். மூன்று வாரம் பொறுக்கவில்லை. முந்தின நாள் சொந்த மைதானத்தில் ஜார்ஜியா சதர்ன் என்ற சிறிய பல்கலைக்கழகத்திடம் 42–45 என்று தோற்றிருந்தார்கள். அரங்கம் அப்படிக் கொதித்தது.

சிறிய பல்கலைக்கழகத்தில் நன்றாக வந்த பயிற்சியாளரைப் பெரியவர்கள் தூக்கிக்கொண்டு போவதைத் தடுக்க வழியே இல்லையா? – வாசகர், எடிசன், நியூ ஜெர்சி

தடுக்க வழியில்லை. போகிறவரிடம் வசூலிக்க வழி உண்டு.

ஜோன்ஸ்பரோவில் உள்ள ஆர்கன்சா ஸ்டேட்டைப் பாருங்கள். 2011-இல் ஹியூ ஃப்ரீஸ் ஒரே பருவம் இருந்துவிட்டு ஓலே மிஸ் என்று அழைக்கப்படும் மிசிசிப்பி பல்கலைக்கழகத்துக்குப் போனார். 2012-இல் கஸ் மால்சான் ஒரே பருவம், ஆபர்ன் போனார். 2013-இல் பிரையன் ஹார்சின் ஒரே பருவம். பாய்ஸி ஸ்டேட் போனார். மூவருமே நல்ல தேர்வு என்பதுதான் வேதனை. தவறான ஆளை எடுத்திருந்தால் நாலு வருஷம் இருந்திருப்பார்!

இதற்கான கருவி, பயிற்சியாளர் விலகினால் அவர் பல்கலைக்கழகத்துக்குத் தரவேண்டிய தொகை. நடைமுறையில் அதைக் கட்டுவது கூப்பிட்டுக்கொண்ட புதிய பல்கலைக்கழகம். அப்படிக் கட்டுவது பயிற்சியாளரின் வருமானமாகக் கணக்காகும் என்பதால், அதற்கான வருமான வரியையும் சேர்த்துப் புதிய பல்கலைக்கழகமே சுமப்பது வழக்கம். ஆக 10 லட்சம் என்று எழுதிய பிரிவு, எதிராளிக்கு அதைவிட அதிகம் செலவு வைக்கும்.

எழுதும்போது கவனிக்க வேண்டியவை உண்டு. தொகை ஆண்டுக்கு ஆண்டு இறங்க வேண்டும். முதல் இரண்டு ஆண்டுகளில்தான் இழப்பு அதிகம். குறையும் தேதியை டிசம்பர் 1-இல் வைக்காதீர்கள். வேட்டை நடப்பதே அந்த வாரத்தில்தான், எதிராளி இரண்டு நாள் காத்திருந்தால் லாபம் அவருக்கு. பிப்ரவரிக்குத் தள்ளி வையுங்கள். பணம் வரவேண்டிய கெடு 30 அல்லது 60 நாள் என்று எழுத்தில் இருக்க வேண்டும். தொகைக்கு ஒரு நியாயமும் வேண்டும்: புதுத் தேடலின் செலவு, துணைப் பயிற்சியாளர்களைக் கலைக்கும் செலவு, டிக்கெட் இழப்பு. வெறும் தண்டனையாகத் தெரிந்தால் நீதிமன்றத்தில் நிற்காது. 1994 இறுதியில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தை விட்டு எல்எஸ்யு என்ற லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் போன ஜெரி டினார்டோ, ‘இது தண்டம்’ என்றுதான் வாதாடினார். பயிற்சியாளர் நீடிப்பதற்கே தனி மதிப்பு உண்டு, அதை முன்கூட்டி மதிப்பிட்டதே இந்தப் பிரிவு என்று சொல்லி 1999-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தப் பிரிவு செல்லும் என்றது.

ரொம்பவும் ஏற்றினாலும் ஆபத்து. கையெழுத்திடும் முன்பே நல்ல ஏஜென்ட் தன் ஆளை எழுப்பிக்கொண்டு போய்விடுவார். சிறிய இடத்துக்கு வருகிறவர் வருவதே மேலே ஏறத்தான்.

அப்படியானால் சம்பளத்தைக் கொஞ்சம் கூட்டினால் தங்கிவிடுவார்களா? – வாசகர், மதுரை

தலைமைப் பயிற்சியாளர் சம்பளத்தைக் கூட்டுவது பல சமயம் தவறான இடத்தில் போடும் பணம். 2024-இன் முதல் இரண்டு மாதங்களில் நடந்ததைக் கவனியுங்கள். சவுத் அலபாமாவின் தலைமைப் பயிற்சியாளர் கேன் வாமக், அலபாமாவின் தற்காப்பு ஆட்டப் பயிற்சியாளராகப் போனார். பஃபலோவின் தலைமைப் பயிற்சியாளர் மாரிஸ் லிங்குவிஸ்ட்டும் அதே அலபாமாவில் துணைப் பயிற்சியாளரானார். ஜார்ஜியா ஸ்டேட்டின் ஷான் எலியட், சவுத் கரோலைனாவில் டைட் எண்ட் என்ற ஆட்ட நிலைக்குப் பயிற்சி தரும் வேலைக்குப் போனார். தலைமை ஆசிரியர் வேலையை விட்டுவிட்டு வேறு பள்ளியில் வகுப்பாசிரியராகப் போவது போல.

மேலே துணைப் பயிற்சியாளர் சம்பளம் அவ்வளவு ஏறிவிட்டது. பென் ஸ்டேட் 2025-இல் ஜிம் நோல்ஸுக்கு ஆண்டுக்குச் சராசரி 31 லட்சம் டாலர் என்று ஒப்பந்தம் போட்டது. பல சிறிய பல்கலைக்கழகங்களில் பத்துத் துணைப் பயிற்சியாளர்களின் சம்பளத்தைக் கூட்டினாலும் அதற்குள் அடங்கிவிடும். அதோடு சிறிய இடத்தின் தலைமைப் பயிற்சியாளருக்குக் கொடையாளரைத் தேடும் வேலையும் இருக்கிறது. தேற்றி வளர்த்த வீரர்கள், வேறு பல்கலைக்கழகத்துக்கு மாற விரும்புகிறவர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வழியாகப் போவதையும் அவரே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

கையில் 3 லட்சம் டாலர் கூடுதலாக இருந்தால் துணைப் பயிற்சியாளர் நிதியில் போடுவது நல்லது. தாக்குதல், தற்காப்பு இரண்டுக்கும் உள்ள ஒருங்கிணைப்பாளர்களுக்கு ஓராண்டு ஒப்பந்தம் என்பதை இரண்டாண்டாக்கலாம். தலைவர் போனாலும் ஒருவராவது மிஞ்சினால், அவரையே இடைக்காலப் பொறுப்பில் வைத்து வீரர்களைப் பிடித்து நிறுத்த முடியும்.

பயிற்சியாளர் போனதும் புதியவரைத் தேட எத்தனை நாள் கிடைக்கும்? – வாசகி, சென்னை

தேடத் தொடங்கும்போதே நேரம் முடிந்திருக்கும். வழக்கமான பருவம் நவம்பர் கடைசி வாரம் முடிகிறது. பள்ளி மாணவர்கள் கல்லூரி அணியில் சேரக் கையெழுத்திடும் நாள் 2024-இல் டிசம்பர் 4-க்கு முன்னேறியது. ஞாயிறு உங்கள் ஆள் போனால், புதனுக்குள் பதினெட்டு வயதுப் பிள்ளைகள் இருபது பேருக்குப் பதில் சொல்ல ஆள் வேண்டும். பிறகு தலைவர் மாறிய அணியின் வீரர்களுக்குப் போர்ட்டலில் பெயர் பதியத் தனி அவகாசம் திறக்கும்.

அரசுப் பல்கலைக்கழகம் என்றால் வேலை விளம்பரம், மனிதவளத் துறையின் விதிகள், ஆட்சிக் குழு ஒப்புதல் எல்லாம் உண்டு. விவரம் தெரிந்த விளையாட்டுத் துறை இயக்குநர்கள் அக்டோபரிலேயே ஐந்து பெயர் கொண்ட பட்டியலை வைத்திருப்பார்கள். ஒவ்வொரு பெயரோடும் அவருடைய இப்போதைய சம்பளம், விலகல் தொகை, அது குறையும் தேதி, கூட வரக்கூடிய இரண்டு துணைப் பயிற்சியாளர்கள், ஏஜென்ட் யார் என்பது இருக்கும். ஆட்சிக் குழுவிடம் ‘இன்ன தொகை வரை பேசலாம்’ என்ற முன் ஒப்புதலை வாங்கி வைப்பார்கள். இது இல்லாமல், ஆள் தேடித் தரும் நிறுவனத்தை டிசம்பரில் அமர்த்துவது வீட்டில் தீப்பிடித்த பிறகு கிணறு வெட்டுவதுதான்.

நேர்காணலில் ஆட்டத் திட்டம் பற்றிக் கேட்டே பாதி நேரம் வீணாகிறது. ‘உங்கள் துணைப் பயிற்சியாளர் நிதி இவ்வளவு, பத்துப் பேரையும் பெயர் சொல்லி நிரப்புங்கள்’ என்று ஒரு தாளைக் கொடுத்தால் ஆள் தெரிந்துவிடும்.

பணமில்லாத கல்லூரி எங்கே ஆள் பிடிப்பது? – வாசகர், பாளையங்கோட்டை

கீழே. பெரிய பெயரின் நாலாவது துணைப் பயிற்சியாளரை விட, சிறிய கல்லூரியில் தலைமை வகித்து வென்றவர் மேல். லான்ஸ் லைபோல்ட், விளையாட்டு உதவித்தொகையே இல்லாத மூன்றாம் பிரிவில், விஸ்கான்சின்–வைட்வாட்டரில் ஆறு தேசியப் பட்டம் வென்ற பிறகுதான் பஃபலோவுக்கு வந்தார். கேலன் டிபோர், சூ ஃபால்ஸ் என்ற சிறு கல்லூரியில் மூன்று பட்டம். 2024-இல் அலபாமாவின் தலைமைப் பயிற்சியாளர். கர்ட் சிக்னெட்டி 2011-இல் அலபாமாவின் துணைப் பயிற்சியாளர் வேலையை விட்டு, பென்சில்வேனியாவின் ஐயுபி என்ற இரண்டாம் பிரிவுக் கல்லூரிக்கு இறங்கி வந்து, எலான், ஜேம்ஸ் மேடிசன் வழியாக இந்தியானாவுக்கு ஏறினார்.

இந்த ஆட்கள் சின்ன நிதியில் பழகியவர்கள். மூன்றாம் பிரிவில் தலைமைப் பயிற்சியாளரே வகுப்பும் எடுப்பார், மைதானத்தில் கோடும் போடுவார். நூறு மாணவர்களைச் சேர்த்து ஃபீஸ் வரவைக் கொண்டுவருவதும் அவர் பொறுப்பு. ஆள் இல்லை என்று முணுமுணுக்க மாட்டார்.

சிக்னெட்டி போனபோது ஜேம்ஸ் மேடிசனிலிருந்து பயிற்சியாளர்களையும் பதின்மூன்று வீரர்களையும் தன்னோடு கூட்டிப்போனார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒருவருடைய விலகல் தொகை, அவர் பின்னால் போகிறவர்களை ஈடுகட்டாது. விலகுகிறவர் பழைய இடத்துத் துணைப் பயிற்சியாளர்களை ஓராண்டுக்கு அழைக்கக் கூடாது என்று சில ஒப்பந்தங்களில் எழுதுகிறார்கள். வீரர்களுக்கு அப்படி எழுத முடியாது.

பெரிய அணியிடம் அடி வாங்கவே சிறிய அணிகள் போகின்றனவாமே? – வாசகர், ஈரோடு

காசுக்கு. மேலே சொன்ன ஜார்ஜியா சதர்னுக்கு அந்த ஆட்டத்துக்காக நெப்ராஸ்கா கொடுத்தது 14.23 லட்சம் டாலர். 2024-இல் நாட்டர்டேமை 16–14 என்று சாய்த்த வடக்கு இலினாய்ஸ் வாங்கியது 14 லட்சம். தோற்றாலும் அதே தொகைதான். ஒரு பருவத்தில் இப்படி ஒன்று போதும். இரண்டாவது ஆட்டத்தில் காயம்பட்ட முன்வரிசை ஆட்டக்காரர்களோடு தங்கள் சொந்த லீகுக்குத் திரும்புகிற அணிகள் உண்டு. புதுப் பயிற்சியாளரை எடுக்கும்போது அடுத்த மூன்று ஆண்டுக்கு இத்தகைய ஆட்டங்கள் எத்தனை என்று அவரிடம் காட்டிவிடுவது மரியாதை. வெற்றிக்கான போனஸ் கணக்கில் அவற்றை விட்டுவிடச் சொல்லி நல்ல ஏஜென்ட் கேட்பார்.

இந்தச் சம்பள விவரமெல்லாம் நாமே பார்க்க முடியுமா? – வாசகி, சிங்கப்பூர்

அரசுப் பல்கலைக்கழகம் என்றால் ஒப்பந்த நகலையே பெரும்பாலும் தகவல் உரிமைச் சட்டப்படி வாங்கலாம். யுஎஸ்ஏ டுடே நாளிதழ் அப்படித் திரட்டித்தான் பட்டியல் வெளியிடுகிறது. தனியார் பல்கலைக்கழகம் வருமான வரித் துறைக்குத் தரும் 990 படிவத்தில் தேட வேண்டும். அது ஒன்றிரண்டு ஆண்டு பழைய கணக்காக இருக்கும். நகல் கையில் வந்தால் சம்பளப் பக்கத்தை விட்டுவிட்டு ‘பணி முடிவு’ என்ற பகுதியிலிருந்து படிக்கத் தொடங்குங்கள்.