அப்பாவின் யாஷிகா மறுபடியும் படம் எடுக்குமா?

கேள்வி: என் அப்பா சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது வாங்கிய யாஷிகா எலெக்ட்ரோ 35 ஜி.எஸ்.என். கேமரா, நாகப்பட்டினத்தில் எங்கள் வீட்டு மர பீரோவில் தோல் உறையோடு இருபத்தைந்து ஆண்டுகளாகக் கிடந்தது. அப்பா போன வருடம் காலமாகிவிட்டார். இப்போது எடுத்துப் பார்த்தால் லென்ஸுக்குள் சிலந்தி வலைபோல ஏதோ தெரிகிறது. பேட்டரி வைக்கும் இடம் பச்சை பூத்திருக்கிறது. ஷட்டரை அழுத்தினால் ‘டிக்’ என்கிறது, விளக்குகள் எரியவில்லை. எண்ணிக்கைச் சாளரத்தில் 22 என்று நிற்கிறது. இதைப் பழுதுபார்த்து, கறுப்பு பெயிண்ட் அடித்து, சிவப்புத் தோல் ஒட்டி, வருகிற தை மாதம் அக்கா மகளின் காதுகுத்துக்குப் படம் எடுக்க ஆசைப்படுகிறேன். நானே செய்யலாமா? எங்கே தொடங்குவது?

பதில்: முதலில் ஒரு வேண்டுகோள். கேமராவின் பின்கதவைத் திறக்காதீர்கள். ஃபிலிமை நகர்த்தும் லீவரையும் இப்போதைக்குத் தொடாதீர்கள்.

காரணம், நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கும் அந்த 22. இந்தக் கேமராவில் பின்கதவைத் திறந்தால் எண்ணிக்கை தானாகத் தொடக்கத்துக்குத் திரும்பிவிடும். 22இல் நிற்கிறதென்றால், உங்கள் அப்பா கடைசியாக மூடிய அந்தக் கதவை அதன் பிறகு யாரும் திறக்கவில்லை. முடியாத ஃபிலிம் சுருள் ஒன்று உள்ளே இருக்கலாம். அதில் உங்கள் பழைய வீடும், சிறுவயது நீங்களும்கூட இருக்கலாம்.

இருக்கிறதா இல்லையா என்பதைத் திறக்காமலே அறியலாம். மேல்தட்டின் ஓரத்தில், ஃபிலிமைத் திருப்பிச் சுற்றும் கைப்பிடி மடிந்திருக்கும். அதை நிமிர்த்தி, அம்புக்குறி காட்டும் திசையில் மெல்லத் திருப்புங்கள். ஓரிரு சுற்றில் இறுகினால் ஃபிலிம் இருக்கிறது. தடையே இல்லாமல் சுற்றிக்கொண்டே போனால் இல்லை. இருந்தால், அடித்தட்டில் உள்ள சிறு பொத்தானை அழுத்திவிட்டு மிக மெதுவாகத் திருப்பிச் சுற்றுங்கள். இத்தனை காலம் ஒரே வளைவில் கிடந்த ஃபிலிம் விறைத்துப்போயிருக்கும். அவசரப்பட்டால் ஓரத்துத் துளைகள் கிழிந்துவிடும். இறுக்கம் விட்டுக் கைப்பிடி லேசாகும்போது நிறுத்துங்கள். அப்போதும் பகலில் திறக்க வேண்டாம். இரவில், வெளிச்சம் புகாத அறையில் விளக்கை அணைத்துவிட்டுத் திறந்து, சுருள் முழுவதும் கூட்டுக்குள் போய்விட்டதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பாதியில் அறுந்திருந்தால் அந்த இருட்டுதான் படங்களைக் காப்பாற்றும்.

எடுத்த ஃபிலிமைக் கழுவக் கொடுக்கும்போது அதன் வயதைச் சொல்லிக் கொடுங்கள். வண்ண ஃபிலிமாக இருந்தால் நிறங்கள் பெரும்பாலும் கெட்டிருக்கும். கறுப்பு-வெள்ளை ரசாயனத்தில் கழுவினால் உருவங்களாவது மிஞ்சும் என்பது என் அனுபவம். ஆனால் ஒரு முறை அப்படிக் கழுவிவிட்டால் வண்ணத்தை மீட்க வழியில்லை. எனவே கழுவுபவரோடு பேசி முடிவெடுங்கள்.

இனி கேமராவுக்கு வருவோம். விளக்குகள் எரியாவிட்டாலும் ‘டிக்’ என்று கேட்கிறது என்றீர்களே, அது நல்ல செய்தி. யாஷிகா நிறுவனம் 1966இல் தொடங்கிய எலெக்ட்ரோ 35 வரிசையில், உங்களுடைய ஜி.எஸ்.என். 1973இல் வந்தது. அப்பெர்ச்சரை, அதாவது லென்ஸில் ஒளி புகும் துளையின் அளவை, நாம் வைத்தால், ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதை உள்ளே இருக்கும் மின்சுற்று முடிவு செய்யும். 30 நொடியிலிருந்து 1/500 நொடி வரை, நடுவில் படிகளே இல்லாமல் எந்த வேகமும் வரும். மின்சாரம் இல்லாவிட்டால் ஷட்டர் 1/500 நொடியில் மட்டும் திறந்து மூடும். நீங்கள் கேட்டது அந்தச் சத்தம். இயந்திரப் பகுதி உயிரோடு இருக்கிறது.

பச்சை பூத்த பேட்டரி அறைதான் அடுத்த வேலை. பழைய பேட்டரி உள்ளேயே இருந்தால் கையுறை போட்டுக்கொண்டு எடுங்கள். அந்தக் காலத்து 5.6 வோல்ட் பேட்டரி பாதரசம் கலந்தது. அதைக் குப்பையிலும் நெருப்பிலும் போடாமல் மின்கழிவு சேகரிப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். பூத்திருப்பது காரப்பொருள் கசிந்த உப்பு. பஞ்சுக் குச்சியில் எலுமிச்சைச் சாற்றையோ வினிகரையோ தொட்டு, ஈரம் சொட்டாமல் தேய்த்தால் கரையும். பிறகு ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, ஒரு நாள் உலர விடுங்கள். பளபளவென்று உலோகம் தெரிந்தும் விளக்கு எரியாவிட்டால், பச்சை உள்ளே கம்பிவழியாக ஏறிப் பற்றவைப்பை அரித்திருக்கும். அடித்தட்டைக் கழற்றிப் புதுக் கம்பி வைத்துப் பற்றவைப்பது பத்து நிமிட வேலைதான். ஆனால் ஜப்பானியக் கேமராக்களின் கூட்டல்குறித் திருகாணிக்கு ஜே.ஐ.எஸ். என்ற ஜப்பானியத் தர அளவில் செய்த திருப்புளி வேண்டும். கடையில் கிடைக்கும் சாதாரணத் திருப்புளி வழுக்கி, தலையை மழுங்கடித்துவிடும். அதன் பிறகு அந்தத் திருகாணியை எடுக்க எவராலும் சுலபமாக முடியாது.

பழைய பேட்டரி இப்போது சந்தையில் இல்லை. 4எல்.ஆர்.44 என்ற 6 வோல்ட் பேட்டரியைப் போடலாம். அது ஒல்லியாகவும் குட்டையாகவும் இருக்கும். தடித்த காகிதத்தைச் சுற்றிப் பருமனைக் கூட்டி, மீதமுள்ள ஏறக்குறைய 2 செ.மீ. இடைவெளிக்கு ஒரு சுருள்வில்லையோ, இறுகச் சுற்றிய அலுமினியத் தாளையோ வையுங்கள். எந்த முனை எந்தப் பக்கம் என்பதை அறையில் உள்ள குறியைப் பார்த்து வையுங்கள். 5.6க்கும் 6க்கும் உள்ள வேறுபாட்டை நெகட்டிவ் ஃபிலிம் தாங்கிக்கொள்ளும். பின்பக்கத்துச் சோதனைப் பொத்தானை அழுத்தினால் பச்சை விளக்கு எரிய வேண்டும். பிறகு அப்பெர்ச்சரை மிகச் சிறிய துளையான எஃப் 16இல் வைத்து, முகப்பின் மேல்பக்கம் உள்ள ஒளிக்கண்ணை விரலால் மூடி, ஷட்டரை அழுத்தியபடி இருங்கள். திறந்தே நிற்க வேண்டும். விரலை எடுத்து வெளிச்சம் படவிட்டதும் மூட வேண்டும். இது நடந்தால் மின்சுற்று பிழைத்திருக்கிறது என்று மகிழலாம்.

இப்போது காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். லீவரை முழுவதும் தள்ளும்போது உள்ளிருந்து ‘டொக்’ என்று ஒரு கனத்த ஓசை வர வேண்டும். இந்தக் கேமராவுக்கே உரிய ஓசை அது. வராவிட்டால், உள்ளே இருக்கும் சிறு ரப்பர் துண்டு பொடிந்துபோயிருக்கிறது என்று பொருள். அது போனால் ஒளி அளவு கண்டபடி மாறும், விளக்குகள் தவறாக எரியும். நகத்தளவு ரப்பர்தான், ஆனால் அதை மாற்ற மேல்தட்டையே கழற்ற வேண்டும். முதல் முறையாகக் கேமராவைப் பிரிப்பவர் இந்த வேலையில் இறங்கக் கூடாது. பழைய ஃபிலிம் கேமராக்களைப் பார்க்கும் மெக்கானிக் ஒருவரிடம் கொடுத்து, “எலெக்ட்ரோவின் ரப்பரை மாற்ற வேண்டும்” என்று சொல்லுங்கள். புரிந்துகொண்டு தலையசைக்கிறாரா என்று பாருங்கள். இந்தக் கேமரா தெரிந்தவரா என்பதை அதிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

எண்ணெய் விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். ஷட்டர் இதழ் ஒட்டுகிறதே என்று தையல் மெஷின் எண்ணெயையோ தேங்காய் எண்ணெயையோ ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பவர்கள் நம் ஊரில் நிறைய. என் மேசைக்கு வந்த கேமராக்களில் பழுதால் செத்தவற்றைவிட இப்படிப் பாசத்தால் செத்தவை அதிகம் என்று வருத்தத்தோடு சொல்கிறேன். ஷட்டர் இதழ்கள் எண்ணெயே படாமல் காய்ந்து இருக்க வேண்டியவை.

பின்கதவின் ஓரத்தில் வெளிச்சம் புகாமலிருக்க வைத்த ஸ்பாஞ்ச் இந்நேரம் தார்போல உருகியிருக்கும். இதைத் தாராளமாக நீங்களே செய்யலாம். மூங்கில் குச்சியின் முனையைச் சீவி, ஆல்கஹாலில் தொட்டுச் சுரண்டி எடுங்கள். கேமராவைக் கவிழ்த்துப் பிடித்துச் செய்தால் துகள் லென்ஸ் பக்கம் விழாது. கதவு பொருந்தும் மெல்லிய காடியில் கறுப்புக் கம்பளி நூலை ஒட்டினால் போதும். கீல் பக்கம் மட்டும் 2 மி.மீ. கறுப்பு ஸ்பாஞ்ச் வையுங்கள்.

அந்தச் ‘சிலந்தி வலை’ பூஞ்சை. உப்பும் ஈரமும் சேர்ந்த கடற்கரைக் காற்றில், தோல் உறைக்குள், இருட்டில் கால் நூற்றாண்டு என்றால் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். எந்தக் கண்ணாடியில் இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். ஃபிலிமை எடுத்த பிறகு, முன்சொன்னபடி ஒளிக்கண்ணை மூடி ஷட்டரைத் திறந்து வைத்து, பின்பக்கமிருந்து டார்ச் அடித்தால் தெரியும். முன் கண்ணாடியின் வெளிப்புறத்தில் மட்டும் என்றால் நீங்களே துடைக்கலாம். ஹைட்ரஜன் பெராக்சைடையும் அம்மோனியாவையும் சம அளவு கலந்து, லென்ஸ் துடைக்கும் தாளில் லேசாகத் தொட்டு, நடுவிலிருந்து வெளியே வட்டமாகத் துடையுங்கள். ஜன்னல்களைத் திறந்து வைத்துச் செய்யுங்கள், ப்ளீச்சிங் பவுடர் எதுவும் அருகில் இருக்கக் கூடாது. உள்கண்ணாடிகளுக்குப் போயிருந்தால் அதையும் ரப்பர் மாற்றும் மெக்கானிக்கிடமே விடுங்கள். பூஞ்சை அரித்த தடம் கண்ணாடியின் பூச்சில் கொஞ்சம் நிற்கலாம். வெயிலை எதிர்நோக்கி எடுக்கும் படங்களில் அது சற்றுப் புகைமூட்டமாகத் தெரியும். மற்ற படங்களில் நீங்கள் தேடினாலும் கிடைக்காது.

பூஞ்சையின் வித்து அந்தத் தோல் உறையில் இன்னும் இருக்கிறது. அப்பாவின் நினைவாக உறையை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் கேமராவை இனி அதற்குள் வைக்காதீர்கள். மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பா, அதில் சிலிக்கா ஜெல், உள்ளே ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம். அதோடு மாதத்துக்கு ஒரு நாளாவது வெளியே எடுத்துப் பயன்படுத்துங்கள்.

ரேஞ்ச்ஃபைண்டர், அதாவது தூரம் பார்த்து ஃபோகஸ் செய்யும் அமைப்பு, சரியாக இருக்கிறதா என்பதற்கு உங்கள் ஊரில் அருமையான அளவுகோல் இருக்கிறது. லென்ஸைத் தொலைவின் எல்லைக்குத் திருப்பிவைத்து, நல்ல தூரத்தில் நின்று நாகூர் தர்காவின் பெரிய மனோராவை (கோபுரத்தை) பாருங்கள். நடுவில் தெரியும் இரட்டை உருவம் ஒன்றோடொன்று பொருந்தி ஒரே மனோராவாகத் தெரிய வேண்டும். உருவம் மங்கலாக இருந்தால் வெளிக் கண்ணாடியை மட்டும் துடையுங்கள். உள்ளே இருக்கும் பாதிப் பூச்சுக் கண்ணாடியில் பஞ்சு பட்டாலே பூச்சு உரிந்துவரும்.

இப்போது உங்கள் ஆசைக்கு வருகிறேன். தோல் மாற்றலாம், தாராளமாக. பெயிண்ட் வேண்டாம்.

மேல்தட்டு குரோமியப் பூச்சு பூசியது. அதன் மேல் நேரடியாக அடித்த பெயிண்ட் செதில் செதிலாக உரியும். குரோமியத்தை நீக்கிவிட்டு அடித்தால் நிற்கும், ஆனால் பொறித்த எழுத்துகளை மறுபடி நிரப்ப வேண்டும். பிடிக்கவில்லை என்றால் பழையபடி ஆக்கவும் முடியாது. கறுப்பு உடல் வேண்டுமென்றால் யாஷிகாவே இதே கேமராவைக் கறுப்பில் ஜி.டி.என். என்ற பெயரில் விற்றது. பழைய கேமரா விற்பவர்களிடம் தேடி வாங்கலாம். உங்கள் கேமராவில், லீவரின் ஓரத்திலும் மூலைகளிலும் மெருகு தேய்ந்திருக்கும் பாருங்கள். உங்கள் அப்பாவின் கட்டைவிரல் தேய்த்த இடம் அது. அதன்மேல் பெயிண்ட் அடிக்க என்னால் ஆலோசனை சொல்ல முடியாது.

தோல் அப்படியல்ல. பழையதை ஆல்கஹால் விட்டு ஓரத்திலிருந்து மெல்ல உரித்து எடுத்துப் பத்திரப்படுத்தினால், எப்போது வேண்டுமானாலும் திரும்ப ஒட்டிவிடலாம். உரித்ததைக் காகிதத்தில் வைத்துப் பென்சிலால் வரைந்துகொள்ளுங்கள். அந்த அச்சில் முதலில் தடித்த காகிதத்தை வெட்டிப் பொருத்திப் பார்த்த பிறகே தோலை வெட்ட வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி ஆட்டுத்தோல் கைக்கு அவ்வளவு இதமாக இருக்கும், கோயம்புத்தூரிலோ மதுரையிலோ வாழும் ஒருவருக்கு அதையே சொல்வேன். நாகப்பட்டினத்துக் காற்றுக்கு மெல்லிய சிவப்பு ரெக்சின்தான் சரி. பூஞ்சை அதை லேசில் தின்னாது. யாஷிகா ஒட்டிய உறையும் செயற்கைப் பொருள்தான். அரை மில்லிமீட்டர் பருமன் போதும். புதுப் பிளேடால் ஒரே இழுப்பில் வெட்டுங்கள். இருபக்க டேப்பால் ஒட்டினால் தவறு செய்தாலும் எடுத்து ஒட்டலாம்.

இவையெல்லாம் முடிந்ததும் நேராகக் காதுகுத்துக்குப் போய்விடாதீர்கள். குறைந்தது ஒரு மாதம் முன்னதாக ஒரு முழு ஃபிலிமைச் சோதனைக்கு எடுங்கள். காலை வெயில், மர நிழல், மாலை, வீட்டு விளக்கு என்று எல்லா வெளிச்சத்திலும் எடுத்து, ஒவ்வொரு படத்துக்கும் என்ன அப்பெர்ச்சர் வைத்தீர்கள் என்று குறித்துவையுங்கள். படங்களின் ஓரத்தில் சிவப்பாகவோ ஆரஞ்சாகவோ கீற்று விழுந்திருந்தால் கதவு ஸ்பாஞ்சை மறுபடி பாருங்கள். எல்லாமே வெளுத்திருந்தால் அந்த ரப்பரை மறுபடி சந்தேகப்படுங்கள்.

காதுகுத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது, நீங்கள் யோசித்திருக்க மாட்டீர்கள். நீங்கள்தான் தாய்மாமன். காது குத்தும் நேரத்தில் குழந்தை உங்கள் மடியில்தான் இருக்கும், கேமரா வேறொருவர் கையில் இருக்கும். உட்காருவதற்கு முன்பே 400 ஏ.எஸ்.ஏ. (ஒளியை உணரும் வேகத்தின் எண்) ஃபிலிம் போட்டு, ஃபிலிமின் எண்ணுக்கு டயலைத் திருப்பி, வளையத்தை ஆட்டோவில் வைத்து, அப்பெர்ச்சரை எஃப் 8க்கும், தூரத்தை 3 மீட்டருக்கும் திருப்பிவிடுங்கள். அந்த நிலையில் ஏறக்குறைய இரண்டேகால் மீட்டரிலிருந்து நாலரை மீட்டர் வரை எல்லாம் தெளிவாக விழும். உங்கள் அக்காவிடமோ அவர் கணவரிடமோ கொடுத்து, பொத்தானைப் பாதி அழுத்தி மஞ்சள் விளக்கு வருகிறதா என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். வந்தால் வெளிச்சம் குறைவு. எஃப் 4க்குத் திருப்பிவிட்டு, இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்து அழுத்தினால் போதும். குழந்தை அழத் தொடங்கும் முன் ஒரு படம், அழும்போது ஒரு படம் எடுக்கச் சொல்லிவிட்டு நீங்கள் போய் உட்காருங்கள்.