ஓபன்பண்டோரா: 64 ஜிபி அட்டையில் 8 ஜிபிக்குப் பின் கோப்புகள் திறக்கவில்லை

கையடக்க லினக்ஸ் விளையாட்டுக் கணினியான ஓபன்பண்டோராவில், உங்கள் 64 ஜிபி எஸ்டி நினைவக அட்டையில் 8 ஜிபிக்குப் பின் எழுதிய கோப்புகள் திறக்கவில்லை என்று கேட்டிருந்தீர்கள். பழுது அட்டையில்தான், கருவியின் உள் நினைவகச் சிப்பைக் கழற்ற வேண்டாம். கல்முனையில் வாங்கிய 64 ஜிபி அட்டையில் முதல் 8 ஜிபி நன்றாக இருக்க, அதன் பின் எழுதியவை மட்டும் திறக்க மறுக்கின்றன என்பது, உள்ளே சிறிய சிப்பை வைத்துக்கொண்டு தன்னை 64 என்று காட்டும் போலி அட்டையின் குணம். 64 ஜிபி அட்டைகள் வழக்கமாக எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு முறைமை வடிவில் வருகின்றன. கருவி அந்த வடிவை வாசிக்காததுதான் சிக்கலென்றால் அட்டை தொடக்கத்திலேயே திறந்திருக்காது.

அட்டையிலுள்ளவற்றைப் பிரதியெடுத்து, அதை வெறுமையாக்கிய பின், லினக்ஸ் மடிக்கணினியில், போலி அட்டைகளைச் சோதிக்கும் எஃப்3 மென்பொருளின் எஃப்3ரைட்டை ஓட்டுங்கள். அது 1 ஜிபி கோப்புகளால் அட்டையை நிரப்பும். பிறகு அதன் இணையான எஃப்3ரீட் அவற்றை வாசித்து, இழந்த அளவைச் சொல்லும். மட்டக்களப்பில் நான் ஏமாந்து வாங்கிய அட்டையில் 8ஆவது கோப்பிலிருந்து எல்லாமே இழப்பு. அச்சும் பொதியும் அசல் போலவே இருந்தன.

ஆனால் பிழைகள் ஓரிடத்திலிருந்து தொடங்காமல் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறியிருந்தால் அட்டையைக் குற்றம் சொல்ல அவசரப்படாதீர்கள். நம் வாவிக்கரை உப்புக்காற்றில் தொடுமுனைகள் கறுத்திருக்கலாம். பண்டோராவில் எஸ்டி துளைகள் இரண்டு உண்டு, மற்றதில் செருகிப் பாருங்கள்.