ஒரே நிரலை விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடவைக்க முதலில் எதைக் கவனிக்க வேண்டும்?

தமிழ் எழுத்தைக் கவனியுங்கள் என்பேன். கிளிநொச்சியில் எங்கள் பகுதிக் கமக்காரர் அமைப்புக்காக ஒரு சிறிய பைதன் நிரல் எழுதினேன். காலபோகத்தில் யார் எத்தனை ஏக்கர் விதைத்தார், சிறுபோகத்தில் எத்தனை என்று பதிவதுதான் அதன் வேலை. என் மடிகணினியில் லினக்ஸ், செயலாளரிடம் விண்டோஸ். ஆங்கிலப் பெயர்களை இட்டுச் சோதித்தபோது இரண்டிலும் ஒரு குறையுமில்லை. அவர் முதல் பெயரைத் தமிழில் பதிந்ததும் நிரல் நின்றுவிட்டது.

கோப்பைத் திறக்கும் வரியில் எழுத்துக் குறியாக்கம், அதாவது எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறை, எதுவென்று நான் குறிப்பிடவில்லை. குறிப்பிடாவிட்டால் பைதன் அந்தந்தக் கணினியின் வழக்கத்தை எடுத்துக்கொள்ளும். லினக்ஸில் அது பெரும்பாலும் தமிழுக்கும் இடமுள்ள யூடிஎஃப்-8. அவருடைய விண்டோஸிலோ 1252 என்ற மேற்கு ஐரோப்பியக் குறியாக்கம். அதில் தமிழுக்கு இடமே கிடையாது. "தம்பி, ஆங்கிலத்திலேயே எழுதிவிடுவோமா?" என்று அவர் கேட்டார். எனக்கு மனம் ஒப்பவில்லை. காணி அனுமதிப்பத்திரத்தில் தமிழில் உள்ள பெயரை ஆங்கிலத்தில் எழுதப்போனால் ஒரே ஆள் மூன்று எழுத்துக்கூட்டலில் மூன்று ஆளாகிவிடுவார். திறக்கும் ஒவ்வொரு வரியிலும் யூடிஎஃப்-8 என்று எழுதினேன், சிக்கல் தீர்ந்தது.

அடுத்தது மேக். வெளிநாட்டிலிருக்கும் உறவினர் ஒருவர் பழைய பதிவுகளைத் தட்டச்சு செய்து, ஊருக்கொரு கோப்பாகத் தன் பழைய மேக்கிலிருந்து அனுப்பினார். பரந்தன் திறந்தது, பூநகரி திறந்தது, கிளிநொச்சி மட்டும் 'கோப்பு இல்லை' என்றது. கோப்போ கண்ணெதிரே இருக்கிறது! இரண்டு நாள் மண்டையை உடைத்தபின் பெயரின் நீளத்தை எண்ணிப் பார்த்தேன். எழுத்து, உயிர்க்குறி, புள்ளி என்று தனித்தனியே எண்ணினால் நான் எழுதிய 'கிளிநொச்சி'யில் 10 குறிகள், அவர் அனுப்பியதில் 11. 'நொ'வில் உள்ள உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். மேக்கின் பழைய கோப்பு முறைமையான எச்எஃப்எஸ் பிளஸ், கோப்புப் பெயர்களைப் பிரித்தே சேமிக்கும். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், லினக்ஸுக்கோ அவை இரண்டு வேறு பெயர்கள். ஒப்பிடும் முன் இரு பெயர்களையும், பிரிந்த குறிகளைச் சேர்த்து எழுதும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றுங்கள். அதற்கான கருவி பைதனுடனேயே வருகிறது.

மற்றவை எளியவை. கோப்பு இருக்கும் இடத்தைச் சொல்லும் பாதைகளைச் சாய்கோடு போட்டு ஒட்டாமல் பாத்லிப் என்ற பைதன் தொகுதி கொண்டு அமையுங்கள். 2014இல் வந்த 3.4 முதல் அது பைதனில் உண்டு. ஆங்கிலக் கோப்புப் பெயர்களில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டை விண்டோஸ் பொதுவாகப் பொருட்படுத்தாது, லினக்ஸ் விடாது. தமிழில் அந்தத் தொல்லை இல்லை.

இப்போது என் சோதனைக் கோப்பில் முதல் மூன்று வரிகள் கிளிநொச்சி, கோணாவில், தட்டுவன்கொட்டி; இரண்டாகப் பிரியக்கூடிய உயிர்க்குறி உள்ள ஊர்ப்பெயர்கள். மூன்று இயங்குதளங்களிலும் இந்த மூன்றும் சேமித்துத் திரும்ப வந்தால்தான் புதிய பதிப்பைச் செயலாளருக்கு அனுப்புகிறேன்.