‘ப்ரவோக்’ என்ற ஆங்கில வினைச்சொல் கோபப்படுத்துவதைக் குறிக்குமா, தூண்டிவிடுவதையா?

இரண்டுக்கும் வரும். ஒரு பேச்சு விவாதத்தை ப்ரவோக் பண்ணும், சிரிப்பைக்கூட ப்ரவோக் பண்ணும். அங்கே ‘தூண்டியது’ சரிதான். ஆனால் ‘ஹி ப்ரவோக்டு மீ’ என்று ஆளைச் சொல்லிவிட்டால், அவன் என்னைச் சீண்டினான், வம்புக்கு இழுத்தான், எனக்கு அவன்மேல் கோபம் வந்தது என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். ஒருவரை இன்னொருவருக்கு எதிராகக் கிளப்பிவிடுவது, அதாவது நம் ஊர் உசுப்பேத்துவது, அதற்கு ‘இன்சைட்’ (incite), ‘இன்ஸ்டிகேட்’ இருக்கின்றன.

நான் ஆங்கில வாத்தியார் இல்லை, இலக்கணப் புலிகள் கமென்ட்டில் வரிந்துகட்டிக்கொண்டு வர வேண்டாம். உங்களுக்கு யாரோ மெயிலில் இந்தச் சொல்லைப் போட்டிருக்கிறார்கள், அதைப் படித்துவிட்டுத்தான் இங்கே வந்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எனக்கும் அப்படித்தான் அறிமுகம்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருந்தேன். ஷிப்மென்ட் நெருங்கினால் எல்லோருக்கும் ஒன்றரை ஷிஃப்ட். காலையில் வந்தால் ராத்திரிதான் வீடு. கூடுதல் அரை ஷிஃப்டுக்கு அரை நாள் சம்பளம், கணக்கு முடிந்தது. ஆனால் 1948 தொழிற்சாலைகள் சட்டம், ஒரு நாளில் 9 மணி நேரத்தையோ வாரத்தில் 48 மணி நேரத்தையோ தாண்டி வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம் என்றது. டெய்லர் அக்கா ஒருவர் என்னிடம் கேட்டார், தெரிந்ததைச் சொன்னேன். அவ்வளவுதான். நான் எந்தச் சங்கத்திலும் இல்லை, கொடி பிடித்தவனும் இல்லை, அந்த முத்திரையையும் தயவுசெய்து குத்தாதீர்கள்.

ரெண்டு நாளில் மெமோ. ‘யூ ஹேவ் ப்ரவோக்டு தி வொர்க்கர்ஸ்’ என்று எழுதி, விளக்கம் கேட்டிருந்தார்கள். எச்.ஆர். மனதில் ஓடியது தமிழ். ‘தூண்டிவிட்டான்’ என்று நினைத்து, அகராதியில் முதலில் கிடைத்ததை எடுத்துப் போட்டிருக்கிறார். தாளில் விழுந்ததோ வேறு. நான் தொழிலாளர்களுக்கு ஆத்திரமூட்டினேனாம்! பதில் எழுதினேன்: ‘ஐயா, என் லைனில் யாருக்கும் என்மேல் கோபம் இல்லை. நான் ஆத்திரமூட்டியதாகச் சொல்லப்படுகிறவர் யார் என்று தெரிவித்தால் மன்னிப்புக் கேட்கத் தயார்.’ கீழே என் லைன் டெய்லர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். மெமோ அப்படியே ஃபைலில் தூங்கிவிட்டது. ஓ.டி. கணக்கும் மாறவில்லை, அது வேறு விஷயம்.

இந்தச் சொல்லில் ஒரு விஷமம் இருக்கிறது. ‘அனாய்’, ‘இரிட்டேட்’ எல்லாம் எரிச்சலோடு நின்றுவிடும். ப்ரவோக் என்று வந்தால் எதிராளி ஏதோ செய்துவிட்டான், அதற்குக் காரணம் நீதான் என்ற பழியும் சேர்ந்தே வரும். ‘ப்ரவோக்டு மீ இன்டு ஷவுட்டிங்’ என்றால் கத்தியவன் நான், குற்றவாளி நீ.

கோர்ட்டில் இதற்கு எவ்வளவு எடை என்பதற்கு நானாவதி வழக்கைப் பாருங்கள். 1959இல் பம்பாயில் கடற்படை அதிகாரி நானாவதி, மனைவியின் காதலன் பிரேம் அஹுஜாவைச் சுட்டுக் கொன்றார். ‘கடுமையான, திடீர் ப்ரவொகேஷன்’ என்று ஏற்றுக்கொண்டால் கொலைக் குற்றம் ஒரு படி இறங்கும். அப்போது இந்திய தண்டனைச் சட்டம் 300ஆம் பிரிவின் முதல் விதிவிலக்கு அது, இப்போது அதற்குப் பதிலாக வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 101ஆம் பிரிவு. ஜூரியில் 8 பேர் குற்றமில்லை என்றார்கள், ஒருவர் மட்டும் மறுத்தார். பம்பாய் உயர் நீதிமன்றம் அதை ஏற்காமல் ஆயுள் தண்டனை கொடுத்தது, 1961இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. மனைவி உண்மையைச் சொன்ன பிறகு நானாவதி குடும்பத்தைச் சினிமா தியேட்டரில் இறக்கிவிட்டு, கப்பலுக்குப் போய்த் துப்பாக்கி வாங்கி, அப்புறம்தான் அஹுஜா வீட்டுக்குப் போயிருக்கிறார். இடையில் சுமார் 3 மணி நேரம். ஆத்திரம் அடங்க அது போதும் என்றது நீதிமன்றம். ஆக, சீண்டியவுடன் பொங்கினால்தான் சட்டத்தில் ப்ரவொகேஷன், யோசித்து நிதானமாகச் செய்தால் இல்லை. (சட்டம் படித்தவர்கள் நுணுக்கங்களைச் சேர்க்கலாம், நான் தெரிந்தவரை சொல்கிறேன்.)

எனவே உங்கள் மெயிலில் ‘யூ ப்ரவோக்டு’ என்று இருந்தால், யாரை, என்ன சொல்லி, அவர் என்ன செய்தார் என்று எழுத்தில் கேளுங்கள்.

அப்புறம் ஒன்று. தமிழ் மட்டுமே தெரிந்த ஆட்களுக்கு எதற்கு ஆங்கிலத்தில் மெமோ? 1946ஆம் ஆண்டு நிலையாணைகள் சட்டமே, கம்பெனியின் வேலை விதிகளை ஆங்கிலத்தோடு பெரும்பாலான தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியிலும் பலகையில் ஒட்ட வேண்டும் என்றுதான் சொன்னது. எங்கள் கம்பெனிப் பலகையில் தமிழில் இருந்த ஒரே வாசகம் ‘செல்போன் பேசாதீர்’.